கொரிய மொழி படிக்க எந்தப் புத்தகம்?

(சங்கத்தின் இளைஞர் பிரிவு நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



போன மாதம் சம்பள நாளன்று ஒரு அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு நேரே பாடசாலைக்கு வந்தார். கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "டீச்சர், மகன் கொரியா போகப் படிக்கணும்கிறான். எந்தப் புத்தகம் வாங்கிக் குடுக்கட்டும்?" என்று கேட்டார். டவுனில் ஒரு கடையில் ஒரு புத்தகத்துக்கு ஒரு விலையும், இன்னொரு இடத்தில் வகுப்புக்கு வேறு ஒரு விலையும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் அவருடைய ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரித்ததைத்தான் இன்றைக்கு உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளை நாட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறீர்களா என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். இல்லை. தோட்டத்திலேயே வாழக்கூடிய சம்பளம் வேண்டும், காணி வேண்டும், வீடு வேண்டும். அந்தப் போராட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் போகிற பிள்ளை போகத்தான் போகிறது. ஏமாறாமல் போகட்டும், மொழி தெரிந்து போகட்டும். அவ்வளவுதான்.

ஏமாந்த கதை ஒன்றும் இருக்கிறது. எங்கள் டிவிசன் பையன், என்னிடம் படித்தவன். ஏ.எல். முடித்துவிட்டு ஒரு தனியார் வகுப்பில் சேர்ந்தான். சேரச் சொன்னதே நான்தான். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. ஞாயிறு தோறும் முதல் பஸ்ஸில் போய் இருட்டின பிறகு வருவான். மூன்று மாதம் கழித்து அவன் கொப்பியைக் காட்டினான். பக்கம் பக்கமாகக் கொரியச் சொற்கள் இருந்தன, ஆனால் ஒரு கொரிய எழுத்துக்கூட இல்லை. எல்லாம் சிங்கள எழுத்தில், ஆங்கில எழுத்தில். மனப்பாடம் செய், வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் கணினித் திரையில் வந்தது கொரிய எழுத்து மட்டும். பையன் அரைமணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வந்தான். அந்தத் தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

ஆகவே நல்ல புத்தகம், நல்ல வகுப்பு எது என்று பார்க்க என்னிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் அது உங்கள் பிள்ளையைக் கொரிய எழுத்தில் வாசிக்க வைக்கிறதா? இல்லையென்றால் காசைக் கொடுக்க வேண்டாம்.

அந்த எழுத்தைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. 1443இல் செஜொங் என்ற அரசர் உருவாக்கி, 1446இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து அது. அதற்கு முன் அங்கே சீன எழுத்துத்தான் இருந்தது. படித்த மேல்குலத்தாருக்கு மட்டும் அது வரும். சாதாரண சனங்கள் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காகவே புதிதாகச் செய்தது இது. அடிப்படை எழுத்துகள் 24. மெய் 14, உயிர் 10. நாங்கள் 247 எழுத்து படித்த ஆட்கள்! மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் உயிர்மெய்யாக உட்காரும். அது எங்களுக்குப் புதிதில்லை. எழுத்தின் வடிவத்துக்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். 'ம' எழுத்து மூடிய வாய் மாதிரி ஒரு சதுரம். 'ந' எழுத்து, நாக்கு நுனி மேலே தொடுகிற வடிவம். 'க' எழுத்து பார்க்கக் கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்திருக்கும். கொரியாவில் எழுத்தறிவு இல்லாதவனை, அரிவாளை முன்னால் வைத்தாலும் 'க' தெரியாதவன் என்று பழமொழியில் சொல்வார்கள். அரிவாளும் கத்தியும் எங்களுக்குத் தெரியாததா?

இன்னொரு விசயம். இதை எந்த வகுப்பிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. தமிழில் 'க' ஒன்றுதான். 'கல்' என்றால் ஒரு சத்தம், 'தங்கம்' என்றால் வேறு சத்தம். இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு 'ப' இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், ஒரே சத்தமா? கொரிய மொழியிலும் இதே முறைதான். இறைச்சிக்கு அங்கே 'கோகி' என்பார்கள். இரண்டும் ஒரே எழுத்து. முதலில் வருவது 'கல்'லில் வருகிற சத்தம், நடுவில் வருவது 'தங்க'த்தில் வருகிற சத்தம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. அந்த எழுத்துகளில் எழுதிப் படித்தால் எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கிற வசதியைத் தொலைத்துவிட்டுக் குழம்புகிறார்கள்.

அதற்காகத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேதான் பெரிய பள்ளம். கொரிய மொழியில் 'ப' மூன்று விதம். சாதாரணமாகச் சொல்வது ஒன்று, காற்றை ஊதிச் சொல்வது ஒன்று, தொண்டையை இறுக்கிச் சொல்வது ஒன்று. 'புல்' என்று சாதாரணமாகச் சொன்னால் நெருப்பு. ஊதிச் சொன்னால் புல், எங்கள் புல்லேதான். இறுக்கிச் சொன்னால் மாட்டுக் கொம்பு. தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்'. தொழிற்சாலையில் ஒருவன் "புல்!" என்று கத்தினால் ஓட வேண்டும். அங்கே நின்றுகொண்டு புல்லா கொம்பா என்று யோசிக்க முடியாது. இதைக் கண்ணால் படிக்க முடியாது, காதால்தான் படிக்க வேண்டும். ஆகவே குரல் பதிவு இல்லாத புத்தகம் அரைப் புத்தகம்.

(நான் பேசியதைச் சங்கப் பத்திரிகையில் போடப்போகிறார்கள். கொரிய எழுத்து அச்சிட வசதியில்லாததால் தமிழில்தான் வரும். இங்கே வருகிற சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள், எழுத்தில் தேடிப் படியுங்கள்.)

சரி, எந்தப் புத்தகம்? பரீட்சையை நடத்துகிறது கொரிய அரசாங்கத்தின் மனிதவள அபிவிருத்தி நிறுவனம். எச்.ஆர்.டி. கொரியா என்று சொல்வார்கள். பரீட்சையின் பெயர் ஈ.பி.எஸ். டொபிக். வாசித்தல் 20 வினா, கேட்டல் 20 வினா, மொத்தம் 50 நிமிடம். இந்தப் பரீட்சைக்கென்று அதே நிறுவனம் பாடப்புத்தகம் போட்டிருக்கிறது. எங்கள் கையில் இருக்கிற பதிப்பு இரண்டு புத்தகம், 60 பாடம். முதல் இரண்டு பாடமும் எழுத்துத்தான். புத்தகமும் குரல் பதிவும் அவர்களுடைய பரீட்சை இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டவுனில் காசுக்கு விற்பதில் பல இதன் போட்டோ கொப்பிதான். புத்தகத்தை இடைக்கிடை திருத்துவார்கள். நீங்கள் எழுதப்போகும் பரீட்சை எந்தப் பதிப்பிலிருந்து வருகிறது என்று விண்ணப்பிக்கும்போது பணியகத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்கென்று செய்த பதிப்பில் விளக்கம் சிங்களத்தில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இது தடங்கல்தான். இதற்காகக் குரல் கொடுப்பது சங்கத்தின் வேலை. நாட்டின் இரண்டு மொழியும் அரச கருமமொழி என்று சட்டத்தில் இருக்கும்போது, பணியகத்தின் வழியாக வருகிற ஒரு புத்தகத்துக்குத் தமிழ் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனால் அது வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாது. பிலிப்பைன்ஸ்காரருக்காகச் செய்த பதிப்பில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாடங்கள் அதே பாடங்கள், அதே வரிசை. எங்கள் குழுவில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தையும், ஆங்கிலம் ஓரளவு தெரிந்த பிள்ளை மற்றதையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் பார்த்துத் தமிழில் பொருள் எழுதுகிறார்கள். ஒரு பெரிய கொப்பியில் பாடம் பாடமாகச் சேர்த்து வருகிறோம். அதை எழுதுவதே பாதிப் படிப்பு என்பது பிறகுதான் எனக்கே விளங்கியது.

அந்தக் கொப்பியில் சில சொல்லுக்கு அகராதித் தமிழ் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். 'ஹோமி' என்று ஒரு கருவி, விவசாயப் பாடத்தில் வரும். ஆங்கில விளக்கத்தைப் பார்த்து ஒரு பிள்ளை 'சிறிய மண்வெட்டி' என்று எழுதியிருந்தான். படத்தைப் பார்த்த அவனுடைய பாட்டி, "இது நம்ம சுரண்டி மாதிரில்ல இருக்கு, புல்லு வெட்டுறதுக்கு" என்றார். அப்படியே எழுதிவிட்டோம். அந்தச் சொல்லை இனி அவன் மறப்பானா?

பாடப்புத்தகத்துக்கு மேலே வேண்டுமென்றால் இலவசமாகவே நிறைய இருக்கிறது. கொரிய அரசாங்கத்தின் செஜொங் கல்வி நிலையம் இணையத்தில் பாடம் நடத்துகிறது. கே.பி.எஸ். வேர்ல்ட் வானொலியில் மொழிப் பாடங்கள் உண்டு. 'டோக் டு மீ இன் கொரியன்' என்று 2009இலிருந்து பாடம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இலக்கணம் புரியாத இடத்தில் யூடியூபில் அவர்கள் விளக்கத்தைப் பாருங்கள், ஆங்கிலம் மெதுவாகத்தான் பேசுவார்கள். கொரிய நாடகம் பார்த்துப் படிக்கிறேன் என்று சொல்கிற தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. காது பழகும், நல்லதுதான். ஆனால் நாடகத்தில் காதலன் காதலியிடம் பேசுகிற மாதிரி முதலாளியிடம் பேசினால் வேலை போகும். அங்கேயும் எங்களைப் போல நீ, நீங்கள் வித்தியாசம் உண்டு. வினைச்சொல்லின் கடைசியில் 'யோ' வைத்தால் மரியாதை. மேற்பார்வையாளர் அதை விட்டுவிட்டுப் பேசுவார். கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளையும் அதே மாதிரித் திருப்பிப் பேசிவிடும். பிரட்டுக் களத்தில் துரையைப் பார்த்து "வாடா" என்று சொல்கிற கதைதான்.

டேட்டாவுக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். குரல் பதிவுகளை ஒரே ஒரு தடவை இறக்கினால் போதும். பிறகு போனிலிருந்து போனுக்கு மாற்றிக்கொள்ளலாம், சிக்னல் இல்லாத லயத்திலும் கேட்கலாம்.

இலக்கணத்தில் எங்களுக்கு இருக்கிற வசதி கொஞ்ச நஞ்சமில்லை. ஆங்கிலம் படிக்கும்போது வசனத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருந்ததல்லவா? இங்கே அது இல்லை. 'ஒமொனிகா சிபே இஸ்ஸொயோ.' ஒமொனி என்றால் அம்மா. சிப் என்றால் வீடு, பின்னால் வருகிற 'ஏ' எங்கள் 'இல்'. இஸ்ஸொயோ என்றால் இருக்கிறார். அம்மா வீட்டில் இருக்கிறார். சொல்லுக்குச் சொல் அப்படியே. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். கொரியப் பிள்ளை அம்மாவை 'ஒம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும்தான் கூப்பிடும்.

தமிழ்ப் பிள்ளை வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. எங்களுக்கு 'வீட்டில் இருக்கிறேன்', 'தொழிற்சாலையில் வேலை செய்கிறேன்' இரண்டுக்கும் 'இல்' ஒன்றுதான். அவர்களுக்கு இரண்டு. சும்மா இருப்பதற்கு 'ஏ'. ஒரு வேலையைச் செய்கிற இடத்துக்கு 'ஏசொ'. வீட்டில் இருப்பது 'சிபே', தொழிற்சாலையில் வேலை செய்வது 'கோங்ஜாங்ஏசொ'. இடைவெளி நிரப்புகிற வினாக்களில் இதைத்தான் பிள்ளைகள் பிழையாகப் போடுகிறார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேரில் நான்கு பேர் பிழை விட்டார்கள். நானும் விட்டேன். ஆமாம், நானும் படிக்கிறேன்.

ஒற்றுமை இருக்கிறது என்பதற்காக, கொரிய மொழியே தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்கிற காணொளிகளைப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உறவோ இல்லையோ, வசன அமைப்பு ஒன்றாக இருப்பது எங்களுக்கு லாபம்.

இனி காசு விசயம். ஈ-9 விசாவில் வேலைக்குப் போகிற இந்த வழியில், இலங்கைப் பக்கத்தில் வேலை செய்வது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டும். தனியார் முகவர் எவருக்கும் இதில் இடமில்லை. "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, மூன்று லட்சம் கொடு" என்று ஒருவன் லயத்துக்கு வந்தால், அவனை உட்காரவைத்துவிட்டு 1989க்குப் போன் பண்ணுங்கள். அது பணியகத்தின் இலக்கம். வயது 18இலிருந்து 39 வரை. பரீட்சையில் சித்தியடைந்தால் உடனே விமானம் ஏறலாம் என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். பெயர் ஒரு பட்டியலுக்குப் போகும். அதிலிருந்து கொரிய முதலாளிமார் தெரிவு செய்தால்தான் ஒப்பந்தம் வரும். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் திரும்ப எழுத வேண்டும். இதை வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்வதில்லை. பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

போன பிறகு? பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2024 ஜூனில் ஹ்வாசொங் நகரில் ஒரு பற்றரி தொழிற்சாலை தீப்பிடித்தது. 23 பேர் இறந்தார்கள், அதில் 18 பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2025இல் இன்னொரு சம்பவம் வெளியே வந்தது. நாஜு என்ற ஊரில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் எங்கள் நாட்டுப் பையன் ஒருவனைச் செங்கலோடு சேர்த்துக் கட்டி, போர்க்லிப்டில் தூக்கி, சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். கூட வேலை செய்த ஒருவர் எடுத்த காணொளியால்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது. அந்நாட்டு சனாதிபதியே கண்டித்துப் பேசினார். லயத்தில் வாழ்கிற எங்களுக்கு அவமானம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதனால் இரண்டாம் புத்தகத்தின் பின்பகுதியைப் பரீட்சைக்கு வராது என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். பாதுகாப்பு, ஒப்பந்தம், காப்புறுதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. 'வொல்குப்' என்றால் மாதச் சம்பளம். 'சானொப்' என்றால் மேலதிக நேரம். 'சான்ஜே' என்றால் வேலையில் ஏற்பட்ட விபத்து. கை நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரிந்தால், அது இன்சூரன்ஸில் போகும். தெரியாவிட்டால், "தானாக விழுந்தான்" என்று எழுதிவிடுவார்கள். இங்கே தோட்டத்திலும் அப்படி எழுதுவதை நாங்கள் பார்க்காததா?

கொரியாவில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வெளிநாட்டவருக்கும் ஒன்றுதான். 2025இல் மணித்தியாலத்துக்கு 10,030 வொன். சம்பள சிலிப்பைப் பார்த்து மணித்தியாலத்தை நீங்களே கணக்குப் போடத் தெரிய வேண்டும். இங்கே பேர் போடுகிற நேரத்தில் அரைப் பேர் போட்டால் கேள்வி கேட்கிறோமே, அதே மாதிரி. வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று அங்கே ஒரு தொழிற்சங்கமும் இருக்கிறது. விசா இல்லாதவர்கூடச் சங்கத்தில் சேரலாம் என்று 2015 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்காக அவர்கள் பத்து வருடம் நீதிமன்றத்தில் நின்றார்கள். இங்கே சந்தா கட்டிப் பழகிய குடும்பத்துப் பிள்ளை அங்கே போய்ச் சங்கம் என்றால் ஒதுங்கி நிற்கக்கூடாது.

அந்த அம்மாவிடம் நேற்றுத்தான் பதில் சொன்னேன். புத்தகத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், ஒரு சி.ஆர். கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள் என்றேன். "அவ்வளவுதானா டீச்சர்?" என்று சந்தேகமாகப் பார்த்தார். காசு வாங்காமல் கொடுக்கிற பொருளில் நம்பிக்கை வராதுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகனோடு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வாசிகசாலையில் எழுத்திலிருந்து தொடங்குகிறோம். குரல் பதிவுகள் சங்கக் காரியாலயத்துக் கணினியில் இருக்கின்றன. மெமரி கார்ட் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் எங்களுக்கு இன்னும் தேவை. 31ஆம் பாடத்தோடு கொப்பி நின்றுபோய்க் கிடக்கிறது.